உப்புநீரில் உரியாத படலம்: பெடாட் டிரான்சிஸ்டர் செய்வது எப்படி

பெடாட் என்பது மின்சாரம் கடத்தும் ஒரு பிளாஸ்டிக். நான் முதன்முதலில் செய்த பெடாட் படலம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கண்ணாடி மேல் வெளிர் நீலம், எங்கும் ஒரே சீர், விளிம்பில்கூடச் சுருக்கம் கிடையாது. மீட்டரின் இரண்டு ஊசிகளை வைத்துப் பார்த்தேன், மின்தடையும் சரியாக இருந்தது. அந்தப் பெருமையோடு உப்புக் கரைசலில் இறக்கினேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ஒரு மூலை மெல்லத் தூக்கியது, அப்புறம் பாம்புச் சட்டை மாதிரி மொத்தமும் கழன்று மிதந்தது. எடுக்கப் போனால் இடுக்கியில் சுற்றிக்கொண்டு நூலாகிவிட்டது.

காய்ந்திருக்கும்போது வேலை செய்கிற படலத்தை ஒரு மதியத்தில் செய்துவிடலாம். நனைந்த பிறகும் வேலை செய்ய வைப்பதில்தான் எல்லாச் சிரமமும் இருக்கிறது. இங்கே இரண்டு காரியங்களைச் சொல்கிறேன். ஒன்று, உப்புநீரில் நாள்கணக்கில் நிற்கும் பெடாட் படலம். இன்னொன்று, அதே படலத்தை வைத்து, கரைசலில் இருக்கும் குளுக்கோஸை அறியும் டிரான்சிஸ்டர். சுழல்பூச்சுக் கருவி, சூடுதட்டு, மைக்ரோபிப்பெட், மின்னோட்டம் அளக்கும் கருவி இரண்டு இருக்கும் ஆய்வகம் போதும். வீட்டுச் சமையலறையில் செய்யாதீர்கள். சொல்லப்போகும் ரசாயனங்களில் இரண்டு மூன்று கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாதவை.

எதற்கு இந்தப் பிளாஸ்டிக்?

கம்பிக்குள் ஓடுவது எலெக்ட்ரான். செல்லுக்குள்ளும் வெளியிலும், ரத்தத்திலும் வியர்வையிலும் ஓடுவது அயனி. சோடியம், பொட்டாசியம், குளோரைடு இவையெல்லாம். ஒரு தங்கக் கம்பியை உப்புநீரில் வைத்தால் எலெக்ட்ரான் உலோகத்தின் ஓரம்வரை வந்து நிற்கும், அயனி தண்ணீரின் ஓரம்வரை வந்து நிற்கும். நடுவில் ஒரு நானோமீட்டர்கூட இருக்காது. இரண்டு கரையிலும் கூட்டம், படகுதான் இல்லை. அந்த மெல்லிய இடைவெளி ஒரு மின்தேக்கி மாதிரி நடந்துகொள்ளும். தங்கத்தில் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து இருபது மைக்ரோஃபாரட், அவ்வளவுதான்.

பெடாட்:பிஎஸ்எஸ் இரண்டு பாலிமர்கள் சேர்ந்த கலவை. பெடாட் சங்கிலியில் நேர்மின் துளைகள், அதாவது எலெக்ட்ரான் இல்லாத காலியிடங்கள், ஓடும், மின்சாரம் கடத்துவது அதுதான். பிஎஸ்எஸ் சங்கிலியில் எதிர்மின் கொண்ட சல்ஃபோனேட்டுகள் தொங்கிக்கொண்டிருக்கும், அவை துளைகளுக்கு ஈடு. இந்தப் பிஎஸ்எஸ்ஸுக்குத் தண்ணீர் மீது தீராத தாகம். தண்ணீரோடு அயனிகளும் படலத்தின் உள்ளே போய்விடும். ஒரு சோடியம் அயனி உள்ளே போய் ஒரு சல்ஃபோனேட்டோடு ஒட்டிக்கொண்டால், அதுவரை அந்த சல்ஃபோனேட் தாங்கிவந்த துளைக்கு அங்கே இடமில்லை, மின்முனை வழியாக வெளியேறிவிடும். ஓர் அயனி உள்ளே, ஒரு துளை வெளியே. அயனி பேசியது எலெக்ட்ரானுக்குக் கேட்பது இப்படித்தான்.

எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் அகலம், 100 நானோமீட்டர் தடிமன் உள்ள பெடாட் துண்டு. அதன் கன அளவு ஒரு கன சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. இந்தப் பொருளின் மின்தேக்கத்தைப் பரப்புக்கு இவ்வளவு என்று சொல்வதில்லை, கன அளவுக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். கன சென்டிமீட்டருக்குச் சுமார் 39 ஃபாரட் என்று அளந்திருக்கிறார்கள். பெருக்கினால் கிட்டத்தட்ட 4 மைக்ரோஃபாரட். அதே பரப்புள்ள தங்கம் 0.2 மைக்ரோஃபாரட்டைத் தாண்டாது. இருபது மடங்கு. பெடாட்டின் தடிமனை ஒரு மைக்ரோமீட்டர் ஆக்கினால் இருநூறு மடங்கு. தங்கத்தை எவ்வளவு தடிமனாக்கினாலும் ஒன்றும் கூடாது.

படலம் உரிவதற்கும் காரணம் அதே தாகம்தான். தண்ணீர் குடிக்காவிட்டால் அயனி உள்ளே வராது. அளவுக்கு மீறிக் குடித்தால் வீங்கிக் கழன்றுவிடும். கீழே வரும் செய்முறை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் பிடிக்கிற முயற்சி. பக்குவம் தப்பினால் எந்தப் பக்கம் சறுக்கினோம் என்று பார்த்தால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும்.

பாலிமர் மின்சாரம் கடத்தும் என்று 1977இல் பாலிஅசெட்டிலீனை வைத்துக் காட்டிய ஹீகர், மெக்டயர்மிட், ஷிராகவா மூவருக்கும் 2000இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பெடாட் 1980களின் பிற்பகுதியில் பேயர் ஆய்வகத்தில் பிறந்தது. அதற்குக் கிடைத்த முதல் பெரிய வேலை புகைப்படச் சுருளில் நிலைமின்சாரம் சேராமல் பார்த்துக்கொள்வது. உடம்போடு பேச வைக்கலாம் என்று அப்போது யாரும் செய்ததல்ல. நாம் செய்யப்போகும் வகை டிரான்சிஸ்டரை அதற்கும் முன்பே, 1984இல், ரைட்டனின் குழு பாலிபிரோலை வைத்துச் செய்து காட்டிவிட்டது.

கரைசல்

கடையில் கிடைக்கும் பெடாட்:பிஎஸ்எஸ் கருநீல மை மாதிரி இருக்கும். நான் பயன்படுத்துவது கிளிவியோஸ் பிஎச் 1000 (இந்தப் பிஎச் வெறும் வணிகப் பெயர், அமிலத்தன்மையின் அளவல்ல). அதில் நூற்றுக்கு ஒரு பங்குதான் திடப்பொருள், மிச்சம் தண்ணீர். பெடாட் ஒரு பங்கென்றால் பிஎஸ்எஸ் எடையில் இரண்டரைப் பங்கு. நல்ல அமிலம், கையுறை போடாமல் தொடாதீர்கள். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள், உறைய மட்டும் விடாதீர்கள். உறைந்தால் துகள்கள் கட்டிக்கொள்ளும், உருகிய பிறகு எவ்வளவு குலுக்கினாலும் பிரியாது.

என் அளவு இது: பிஎச் 1000 கரைசல் 19 மில்லிலிட்டர், எத்திலீன் கிளைக்கால் 1 மில்லிலிட்டர், டிபிஎஸ்ஏ 25 மைக்ரோலிட்டர், காப்ஸ் 200 மைக்ரோலிட்டர்.

எத்திலீன் கிளைக்கால் சேர்க்காத படலத்தின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1 சீமென்ஸ்கூட வராது. சேர்த்தால் பல நூறு சீமென்ஸுக்கு ஏறும். தனித்தனியாகச் சுருண்டு கிடக்கும் பெடாட் துணுக்குகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்படி அடுக்கிவிடுவதுதான் அதன் வேலை. அது முடிந்ததும் சூட்டில் ஆவியாகிப் போய்விடும்.

டிபிஎஸ்ஏ ஒரு சோப்பு. கரைசல் கண்ணாடியில் முத்து முத்தாகத் திரளாமல் பரவ அது வேண்டும். தேன் மாதிரி இழுபடும், பிப்பெட்டில் சரியாக ஏறாது. நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு மெதுவாக உறிஞ்சுங்கள். கூடினால் நுரைதான் மிஞ்சும்.

காப்ஸ் என்று ஆய்வகத்தில் எல்லாரும் சொல்வது கிளைசிடாக்சிபுரோப்பில்டிரைமெத்தாக்சிசிலேன். இந்தக் கட்டுரையின் கதாநாயகன் அதுதான். ஒரு முனையில் எபாக்சி வளையம், அது படலத்தின் சல்ஃபோனிக் தொகுதிகளைப் பிடிக்கும். மறுமுனையில் சிலேன், அது கண்ணாடியின் ஹைட்ராக்சில்களைப் பிடிக்கும். ஒரு கை படலத்தில், ஒரு கை கண்ணாடியில். படலம் வீங்கினாலும் பிரிந்துபோக விடாது. ஆனால் காப்ஸ் மின்சாரம் கடத்தாது. சேர்க்கச் சேர்க்கக் கடத்துதிறன் இறங்கும், பாதியாகக்கூட இறங்கலாம். முதல் படலம் உரிந்ததற்கு நான் செய்த கஞ்சத்தனம்தான் காரணம். கடத்துதிறன் போகிறதே என்று காப்ஸைக் கால்வாசியாகக் குறைத்திருந்தேன். ஈரத்தில் நிற்காத படலத்தின் கடத்துதிறனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள்.

முதல் மூன்றையும் கலந்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். காப்ஸ் கடைசியில்தான். தண்ணீர் பட்ட நொடியிலிருந்து அது தனக்குள்ளேயே பிணைய ஆரம்பித்துவிடும். காலையில் கலந்து மாலையில் பூசினால் படலத்தில் மணல் தூவினது போல் புள்ளிகள் வரும். கலந்து ஒரு மணி நேரத்துக்குள் பூசிவிடுங்கள். பழைய காப்ஸ் குப்பியையும் நம்ப வேண்டாம். அடிக்கடி திறந்து மூடிய குப்பிக்குள் காற்றின் ஈரம் போயிருக்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது, படலம் மட்டும் உரியும். நான் குப்பியில் திறந்த தேதியை எழுதி வைக்கிறேன்.

பூசுவதற்கு முன் 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டி. நீர் விரும்பும் சவ்வு உள்ளதாக எடுங்கள், நீர் விலக்கும் வகையில் கரைசல் ஏறாது. அடைத்துக்கொண்டால் ஊசிக்குழலை மேலும் மேலும் அழுத்தாதீர்கள். வடிகட்டி வெடித்துச் சுவரெல்லாம் நீலமான ஒரு நாள் எனக்கு உண்டு. அந்தக் கறை போகாது.

கண்ணாடியும் தங்கமும்

டிரான்சிஸ்டரின் உடம்பு எளிமையானது. கண்ணாடித் தகடு, அதில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு தங்கப் பட்டைகள். ஒன்று சோர்ஸ், ஒன்று டிரெயின், நாம் அளக்கும் மின்னோட்டம் இவற்றின் நடுவே ஓடும். இடைவெளியை நிரப்பும் பெடாட்தான் சேனல். துளைபோட்ட மூடியை வைத்து, அடியில் 5 நானோமீட்டர் டைட்டானியம், மேலே 100 நானோமீட்டர் தங்கம் ஆவிப்படிவு செய்தால் போதும். டைட்டானியம் இல்லாத தங்கம் கண்ணாடியில் நிற்காது.

சுத்தம் செய்வதில்தான் பொறுமை வேண்டும். சோப்பு நீர், அயனி நீக்கிய தண்ணீர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால், ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் அல்ட்ராசோனிக். நைட்ரஜனில் ஊதிக் காயவைத்து, ஆக்சிஜன் பிளாஸ்மாவில் இரண்டு நிமிடம். பிளாஸ்மா கருவி இல்லையென்றால் யூவி ஓசோனில் இருபது நிமிடம். காப்ஸ் பிடிக்க வேண்டிய ஹைட்ராக்சில்கள் இந்தக் கடைசிப் படியில்தான் மேற்பரப்பில் நிறையத் தலைதூக்கும். சரியாக வந்ததா என்று பார்க்கக் கருவி வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மணியாக நின்றால் திரும்பச் செய்யுங்கள். கண்ணாடியோடு கண்ணாடியாகப் பரவினால் பதினைந்து நிமிடத்துக்குள் பூசுங்கள், அந்தத் தன்மை நேரம் ஆக ஆகக் குறையும்.

தங்கத்தின் மேல் ஹைட்ராக்சில் கிடையாது. அதனால் காப்ஸின் ஒரு கைக்கு அங்கே பிடி இல்லை. உரிதல் பெரும்பாலும் தங்கத்தின் விளிம்பில் தொடங்குவது இதனால்தான். தங்கப் பட்டைகள் தண்ணீரைப் பார்க்காதபடி பாலிஇமைடு நாடாவாலோ சிலிக்கோன் பசையாலோ மூடிவிடுவது என் வழக்கம். மின்கசிவும் குறையும்.

பூச்சு

கண்ணாடியைச் சுழல்பூச்சுக் கருவியில் வைத்து, கரைசலால் முழுதும் மூடி, நிமிடத்துக்கு 3000 சுற்று, முப்பது விநாடி. ஏறக்குறைய 100 நானோமீட்டர் வரும். தடிமன் அதிகம் வேண்டுமென்றால் சுற்றைக் குறைப்பதைவிட, ஒரு பூச்சு, 110 டிகிரியில் ஒரு நிமிடம், ஆறவைத்து அடுத்த பூச்சு என்று அடுக்குவது நல்லது.

இந்த இடத்தில் ஒரு சின்ன வித்தை. ஒரு நிமிடச் சூடு மட்டும் பட்ட படலத்தில் காப்ஸ் இன்னும் முழுதாகப் பிணைந்திருக்காது. சேனலுக்கு வெளியே இருப்பதையெல்லாம் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துவிடலாம். முழுச் சூட்டுக்குப் பிறகு துடைத்தால் வராது, பிளேடால் சுரண்ட வேண்டியதுதான்.

அப்புறம் 140 டிகிரியில் ஒரு மணி நேரம். அவசரப்பட்டு இருபது நிமிடத்தில் எடுக்காதீர்கள். ஆறிய பிறகு அயனி நீக்கிய தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள், நடுவில் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். பிணையாமல் தங்கிய பிஎஸ்எஸ், மிச்சக் கிளைக்கால், சோப்பு எல்லாம் வெளியேறும். இதைத் தவிர்த்தால் பின்னால் அளக்கும்போது மின்னோட்டம் மணிக்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும், காரணம் தெரியாமல் மண்டை காயும். ஊறவைப்பதே ஒரு தேர்வும்கூட. காலையில் ஒட்டியிருந்தால் உங்கள் படலம் தேறிவிட்டது. மீட்டரில் சதுரத்துக்கு 300, 400 ஓம் காட்டினால் திருப்தியாக இருக்கலாம்.

முதல் அளவு

சேனலைச் சுற்றி ஒரு சிலிக்கோன் வளையத்தை ஒட்டி, சின்னக் கிணறு மாதிரி செய்துகொள்ளுங்கள். உள்ளே பாஸ்பேட் பஃபர். 137 மில்லிமோலார் சோடியம் குளோரைடு இருக்கும், பிஎச் 7.4 இருக்கும் வழக்கமான பஃபர்தான்.

மூன்றாவது முனை கேட், கரைசலில் நின்று சேனலின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது. முதல் சோதனைக்கு வெள்ளி, வெள்ளி குளோரைடு கம்பிதான் உத்தமம். வெள்ளிக் கம்பியை மணல்தாளால் தேய்த்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டு வெளுப்பானில் அரை மணி நேரம் போட்டால் சாம்பல் கலந்த கருஞ்சிவப்பாகும். கழுவினால் கேட் தயார்.

சோர்ஸைத் தரையோடு இணையுங்கள். டிரெயினில் மைனஸ் 0.1 வோல்ட். கேட்டை 0 வோல்ட்டிலிருந்து 0.6 வரை மெல்ல ஏற்றி இறக்குங்கள். கேட் நேர்மின்னாக ஆக ஆக, அது சோடியம் அயனிகளைப் படலத்துக்குள் தள்ளும், துளைகள் குறையும், டிரெயின் மின்னோட்டம் இறங்கும். சாதாரணமாக நாம் பழகிய டிரான்சிஸ்டர் கேட் கொடுத்தால் திறக்கும். இது ஏற்கெனவே திறந்திருக்கிறது, கேட் கொடுத்தால் மூடும்.

ஐந்தாறு பூச்சு போட்ட தடித்த படலம் ஒன்றை வைத்து இதை ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள். அடியில் வெள்ளைத் தாளை வைத்து, விளக்கை நேரே பிடித்து, கேட்டை 0.6க்கு ஏற்றுங்கள். வானத்து வெளிர் நீலமாக இருந்த துண்டு கேட்டுக்குப் பக்கத்து ஓரத்திலிருந்து கருத்துக்கொண்டு வரும், மழை மேகம் நகர்கிற மாதிரி. இறக்கினால் திரும்ப வெளிறும். துளை இழந்த பெடாட் அடர்நீலம், துளை நிறைந்தது வெளிர்நீலம். அயனி போய்வருவதை மீட்டர் இல்லாமல் பார்க்க முடிகிற இடம் வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. நான் இன்றும் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன்.

ஒரு வோல்ட்டைத் தாண்டாதீர்கள். தண்ணீர் 1.23 வோல்ட்டில் பிளக்கத் தொடங்கலாம். அதற்கு முன்பே வேண்டாத எதிர்வினைகள் எட்டிப்பார்க்கும். கேட் மின்னோட்டத்தையும் கூடவே பதிவு செய்யுங்கள். டிரெயினில் சில நூறு மைக்ரோஆம்பியர் ஓடும்போது கேட்டில் நிலையாக ஓரிரண்டு மைக்ரோஆம்பியருக்கு மேல் ஓடினால் எங்கோ தங்கம் நனைகிறது, நாடாவைப் பாருங்கள். முதல் இருபது சுற்று எப்போதும் நகரும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கேட் வோல்ட்டேஜைக் கொஞ்சம் அசைத்தால் மின்னோட்டம் எவ்வளவு அசைகிறது என்பதுதான் இந்தக் கருவியின் திறமை. சேனலின் அகலத்தோடும் தடிமனோடும் அது கூடும், நீளத்தோடு குறையும். மற்ற டிரான்சிஸ்டர்களில் தடிமனுக்கு இந்த மரியாதை கிடையாது. தடிமனைக் கூட்டினால் வேகம் போய்விடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நரம்புத் துடிப்பைக் கேட்க மெல்லியதும் சின்னதுமாகச் செய்ய வேண்டும். குளுக்கோஸ் மாதிரி நிதானமாக மாறும் பொருளுக்குத் தடிமன் நல்லது.

குளுக்கோஸை அறிய

இதற்கு வெள்ளிக் கேட்டைக் கழற்றிவிடுங்கள். கசியும் வெள்ளி அயனி என்சைமை முடக்கும். பிளாட்டினம் கம்பி அல்லது தகடு வேண்டும்.

வேலை செய்யப்போவது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையிலிருந்து எடுப்பது, மஞ்சள் நிறப் பொடி. குளுக்கோஸையும் ஆக்சிஜனையும் வாங்கிக்கொண்டு குளுக்கோனோலாக்டோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தரும். பெராக்சைடு பிளாட்டினத்தில் எலெக்ட்ரானை விடும். அப்போது கேட்டுக்கும் கரைசலுக்கும் நடுவே வீணாகும் வோல்ட்டேஜ் குறைகிறது, சேனலுக்குக் கேட்டின் பிடி இறுகுகிறது, மின்னோட்டம் இறங்குகிறது. கிளார்க்கும் லயன்ஸும் 1962இல் என்சைமை மின்முனைக்குப் பக்கத்தில் பூட்டிவைத்துத் தொடங்கிய யோசனைதான் இது. நாம் டிரான்சிஸ்டரை நடுவில் வைத்துச் சைகையைப் பெரிதாக்குகிறோம், அவ்வளவே.

நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் ஒரு சதவீதக் கைட்டோசான் கரைசல் செய்து, பிஎச் 5க்கு மேல் கொண்டுவந்து, மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்சைம் கலந்து, பிளாட்டினத்தில் 5 மைக்ரோலிட்டர் விடுங்கள். மூடிய பெட்டியில் 4 டிகிரியில் இரவு முழுக்கக் காயட்டும். குளுட்டரால்டிஹைடு ஆவியில் சில நிமிடம் காட்டினால் இன்னும் இறுகும், ஆனால் அதைப் புகைபோக்கி அலமாரிக்குள் மட்டும் செய்யுங்கள். என்சைம் இல்லாமல், அதற்குப் பதில் குளுக்கோஸை ஒன்றும் செய்யாத அல்புமின் என்ற புரதத்தை அதே எடை போட்டு இன்னொரு கேட்டும் செய்துகொள்ளுங்கள். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

நான் செய்த முதல் குளுக்கோஸ் வரைபடம் அற்புதமாக இருந்தது. குளுக்கோஸ் ஏற ஏற மின்னோட்டத்தின் மாற்றமும் படி வைத்து ஏறியது. ஆய்வகத்தில் எனக்கு மூத்த அக்கா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “சர்க்கரை போடாத தண்ணியை ஊத்திப் பாத்தியாப்பா?” என்று மட்டும் கேட்டார். ஊற்றினேன். அதே படி, அதே ஏற்றம்.

நடந்தது இதுதான். குளுக்கோஸை நான் வெறும் தண்ணீரில் கரைத்து, சொட்டுச் சொட்டாகக் கிணற்றில் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறேன். கடைசியில் பஃபரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி ஆகிவிட்டன. சோடியத்தின் செறிவு பத்தில் ஒன்றானால் இந்த டிரான்சிஸ்டருக்கு 59 மில்லிவோல்ட் நகரும். பாதியானால் 18 மில்லிவோல்ட். அதைத்தான் அது விசுவாசமாகக் காட்டியிருக்கிறது. குளுக்கோஸுக்கு மின்னோட்டம் இறங்க வேண்டும், உப்பு குறைந்தால் ஏறும். ஆனால் நான் ஏற்றமா இறக்கமா என்று பார்க்காமல் மாற்றத்தின் அளவை மட்டும் சதவீதமாகப் போட்டிருந்தேன். அப்படியானால் என்சைம் என்ன செய்தது? அது எப்போதோ செத்துவிட்டது. சீக்கிரம் காயட்டும் என்று கேட்டைச் சூடுதட்டில் 80 டிகிரியில் வைத்திருந்தேன்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வெறும் பஃபரையே, குளுக்கோஸ் சேர்க்கும் அதே அளவில் சேர்த்துப் பாருங்கள். கோடு அசையக் கூடாது. பிறகு பெராக்சைடை நேரடியாக, 10 மைக்ரோமோலாரிலிருந்து. மின்னோட்டம் இறங்கினால் பிளாட்டினமும் டிரான்சிஸ்டரும் சரி. பிறகு அல்புமின் கேட்டோடு குளுக்கோஸ், ஒன்றும் நடக்கக் கூடாது. இந்த மூன்றும் தேறினால்தான் என்சைம் கேட். கேட்டில் 0.4 முதல் 0.6 வோல்ட்டை நிலையாகப் பிடித்து, மின்னோட்டம் ஓய்ந்த பிறகு ஒவ்வொரு அளவாகச் சேருங்கள்.

குளுக்கோஸ் மூலக்கரைசலை அளக்கப்போகும் அதே பஃபரில், முந்தைய நாளே கரைத்து வையுங்கள். பொடியில் இருப்பது பெரும்பாலும் ஆல்ஃபா வடிவம், இந்த என்சைம் விரும்புவது பீட்டா வடிவத்தை. தண்ணீரில் சில மணி நேரம் நின்றால்தான் நூற்றுக்கு 64 பங்கு பீட்டாவாக மாறி நிலைக்கும். அப்போதுதான் கலந்த கரைசலால் அளந்தால் காலை அளவும் மாலை அளவும் ஒத்துப்போகாது.

எவ்வளவு செறிவு வரை போகலாம்? ஒரு மில்லிமோலாருக்கு மேல் கோடு படுத்துவிடும், என்சைமைத் திட்டாதீர்கள். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில், 25 டிகிரியில், கரைந்திருக்கும் ஆக்சிஜனே சுமார் 0.26 மில்லிமோலார்தான். ரத்தத்தில் குளுக்கோஸ் 5 மில்லிமோலார் அளவில் இருக்கும். அதாவது சர்க்கரை வரிசையில் நிற்கிறது, ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ரத்தத்துக்கான சென்சார்களில் குளுக்கோஸை மட்டும் மட்டுப்படுத்தி விடும் ஒரு வெளிச்சவ்வு போடுவதும், ஆக்சிஜனுக்குப் பதிலாக ஃபெரோசீன் போன்ற இடைத்தரகரை வைப்பதும் இந்தத் தொல்லைக்காகத்தான். வியர்வையில் குளுக்கோஸ் இதைவிட மிகக் குறைவு, அங்கே இந்தப் பிரச்சினை வராது. ஆனால் அங்கே உப்பின் அளவு ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும், நான் ஏமாந்த அதே உப்பு. வியர்வையில் அளப்பதாக இருந்தால் பக்கத்திலேயே அல்புமின் கேட்டோடு இன்னொரு டிரான்சிஸ்டரை வைத்து, இதிலிருந்து அதைக் கழிக்க வேண்டும்.

அஸ்கார்பிக் அமிலம், யூரிக் அமிலம், பாராசிட்டமால் மூன்றும் பிளாட்டினத்தில் பெராக்சைடு மாதிரியே நடிக்கும். முதல் இரண்டும் எதிர்மின் கொண்டவை என்பதால் என்சைமுக்கு அடியில் நாஃபியான் என்ற எதிர்மின் கொண்ட பாலிமரை மெல்லிய பூச்சாகப் போட்டால் பெருமளவு வெளியே நிற்கும். பாராசிட்டமாலுக்கு மின்சுமை இல்லை, நாஃபியான் அதை நம்பிக்கையாகத் தடுக்காது.

வேலை முடிந்ததும் சேனலைத் தண்ணீரில் கழுவி, காயவைத்து மூடி வையுங்கள், உப்பு காய்ந்து படிந்தால் அடுத்த முறை படலம் அங்கேதான் கிழியும். என்சைம் கேட்டைப் பஃபரில் ஊறியபடி 4 டிகிரியில் வையுங்கள். மறுநாள் எதைத் தொடங்கும் முன்னும் 0.5 மில்லிமோலாரில் ஒரே ஒரு புள்ளி எடுத்து, நேற்றைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருந்தால் புதுக் கேட் பூசிக்கொள்ளுங்கள், டிரான்சிஸ்டரைத் தொட வேண்டாம்.